பிரதிஷ்டைக்கு முந்தின நாள்

இந்தக் கதிரை நல்ல வசதிங்க சேர். முதுகுக்கு இதமா இருக்கு. எங்க சர்ச்சுக்கும் இந்த மாதிரிதான் வாங்கணும்னு சொன்னேன், கமிட்டியில யாரும் காதுல போட்டுக்கல. பிளாஸ்டிக் கதிரைக்கு வெள்ளைத் துணி மாட்டி ஒப்பேத்திட்டாங்க. அந்தத் துணியைக்கூட நான்தான் பண்டாரவளைக்குப் போய் எடுத்தேன். இல்லாட்டி பூப்போட்டதை வாங்கிட்டு வந்து நின்னிருப்பாங்க. நம்ம ஆளுகளுக்கு ஆண்டவருக்குச் செய்யிறதுன்னா கையில மிஞ்சினதுதான் ஞாபகத்துக்கு வரும்.

நீங்க கேளுங்க, சொல்றேன். றுஷ்தி சேர்னு கூப்பிடலாம்தானே? பொலிஸ்ல இருந்தும் தமிழ்ல இவ்வளவு மரியாதையா பேசுறீங்க, மனசுக்குச் சந்தோசமா இருக்கு. பதுளைக்குக் கூப்பிட்டு விட்டப்ப போதகர் ஐயா கூடவே வர்றேன்னாரு. வேணாம்னுட்டேன். மறைக்க ஒண்ணும் இல்லாதவனுக்குத் துணை எதுக்கு.

பேரு தயாபரன். வெள்ளைப்பாறைத் தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருந்து ரிட்டயர் ஆனவன். ஹல்துமுல்லைக்கு மேல, பஸ் திரும்புற இடத்துல இருந்து நடக்கணும். கொழுந்து மலையில மழையிலயும் பனியிலயும் நின்னு ஆளுகளை வேலை வாங்கின எனக்கு, இப்ப சர்ச்சுல மூப்பர் பொறுப்பு. சாவி என்கிட்டத்தான். விளக்கு, துணி, பூ, மணி எல்லாம் என் பார்வையிலதான்.

மணியைப் பத்தித்தான் கேக்கப் போறீங்கன்னு தெரியும். அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும், அது தெரியாட்டி மத்தது விளங்காது. எங்க மார்க்கத்துல ரெண்டே விசயம்தான் சேர். ஆண்டவரை நேசி, அயலானை நேசி. மத்ததெல்லாம் இதுக்குள்ள அடக்கம். ஆனா இதுல ஒரு வரிசை இருக்கு. முதல்ல ஆண்டவர், அதுக்குப் பிறகுதான் அயலான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வரிசையைக் கவுத்துப் போட்டுட்டு, அயலானுக்குச் சோறு போட்டா ஆண்டவருக்குப் போட்ட மாதிரின்னு பேசுதுங்க. பேச்சு நல்லாத்தான் இருக்கு. அப்புறம் ஆண்டவருக்குன்னு என்ன மிச்சம்?

எனக்கு அயலான் யாருன்னா கீழ் லயத்துல குடியிருக்கிற சனம். சர்ச் வளைவுல உசரமா நிக்குது, பக்கத்துல என் குவாட்டர்ஸ், அதுக்கு நேர் கீழ லயம். அடுத்தடுத்த காம்பரா, ஒரே கூரை, ஒருத்தன் இருமினா கடைசிக் காம்பரா வரைக்கும் கேக்கும். லயத்துக்குப் பின்னால மலை. ஓரத்துல ஒரு மாரியம்மன் கோயில், தகரக் கூரை, வருசா வருசம் பெயின்ட் மட்டும் குறையாது. அதைப் பார்த்துக்கிறது மாரிசாமி. அவன் பொஞ்சாதி பெரியாயி. ரெண்டு பேரும் எனக்குக் கீழ வேலை செஞ்சவங்க. அந்த லயத்துலதான் இருந்தாங்க, இருந்தாங்கன்னுதான் சொல்லணும் இனி. இப்ப அங்க போனீங்கன்னா செம்மண்ணுதான் கிடக்கு.

அந்த மலை வெடிச்சுக் கிடக்குன்னு போன வருசமே ஆபீசர்மார் வந்து பார்த்தாங்க. லயத்துல ஆள் இருக்கக் கூடாது, வேற இடத்துல வீடு தர்றோம்னாங்க. வீடு வர்ற வரைக்கும் என்ன செய்யிறதுன்னு கேட்டதுக்கு, மழை அளக்கிற போத்தல் ஒண்ணைக் கொடுத்துட்டுப் போனாங்க. அதுல மஞ்சக் கோடு, சிவப்புக் கோடு. சிவப்பைத் தண்ணி தொட்டா எல்லாரும் லயத்தை விட்டு மேல சர்ச் மண்டபத்துக்கு வந்துடணும். போத்தலைப் பார்த்து, சத்தம் கொடுக்க ஒரு ஆள் வேணும்னு கிராம சேவகர் கேட்டாரு. கூட்டத்துல எல்லாரும் தரையைப் பார்த்தாங்க. நான்தான் கையைத் தூக்கினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. அயலானுக்காகத்தான் செஞ்சேன், இதையும் எழுதிக்குங்க.

சத்தம் எதுக்குன்னு நீங்க நினைக்கலாம். போத்தலை அவங்களே வந்து பார்த்துட்டுப் போறதுக்கென்னன்னு. சேர், எங்க சனம் சத்தத்துக்குப் பழகின சனம். காலையில தப்பு மேளம் அடிச்சா பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வந்து வரிசையில நிக்கும், சங்கு ஊதினா சாப்பிடப் போகும், மறுபடி ஊதினா மலைக்கு ஏறும். தானா யோசிச்சு எந்திரிக்கிற பழக்கம் கிடையாது. குறையா சொல்லல, அப்படிப் பழக்கினதே எங்களை மாதிரி ஆளுகதான். ஃபெக்டரி மூடின பிறகு சங்கும் இல்ல. அதனால சர்ச் வாசல்ல டர்பன்டைன் மரத்துல தொங்கின தண்டவாளத் துண்டுதான் சத்தம்னு முடிவாச்சு. சர்ச்சுக்கு அப்ப அதுதான் மணி.

அக்டோபர்ல ஒரு மழை. சிவப்பைத் தொட்டுச்சு, நான் தண்டவாளத்தை அடிச்சேன். வந்தாங்க பாருங்க. கோழிக் கூடையோட ஒருத்தன், டீவியைத் தலையில வச்சுக்கிட்டு ஒருத்தன், பாத்திரம் பண்டம், நாய். மண்டபத்துல வெள்ளை டைல்ஸ் போட்டு ஈரம்கூடக் காயல. அதுல சேத்துக் காலோட நடந்தாங்க. பிள்ளைகள் மூலையில ஒண்ணுக்குப் போச்சுங்க. அதைக்கூட நான் பொறுத்துக்கிட்டேன். ஆனா மாரிசாமி அம்மன் படத்தைத் துண்டுல சுத்தித் தூக்கிட்டு வந்து, எங்க பீடத்து மேடையில சாத்தி வச்சான். கீழ வச்சா மிதிபடும்னு சொன்னான். மிதிபடுமாம். எங்க பீடம் அவன் அம்மனுக்குப் பலகையா?

அன்னைக்கு மலை சரியல. மழை விட்டுச்சு, எல்லாரும் போயிட்டாங்க. நான் முழங்கால் போட்டு டைல்ஸைத் தேய்ச்சேன். ஜெபத்துக்கு முழங்கால் போட்டா வலிக்கும், அன்னைக்கு வலிகூடத் தெரியல, அவ்வளவு ஆத்திரம். அடுத்த நாள் லயத்துக்கே இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்டேன். மண்டபம் உங்க மாட்டுத் தொழுவமா, சும்மா தூறல் விழுந்ததும் மூட்டை கட்டிக்கிட்டு ஓடி வர்றீங்களேன்னு. தூறலான்னு மாரிசாமி கேட்டான். மணி அடிச்சது நீங்கதானே ஐயான்னு பெரியாயி கேட்டா. கேட்ட தோரணையே எனக்குப் பிடிக்கல. இனிமே நான் அடிச்சா மட்டும் வாங்க, அதுவரைக்கும் ஒருத்தரும் மேல வரப்படாதுன்னு சொல்லிட்டு வந்தேன். சரிங்க ஐயான்னாங்க. அந்த விசயத்துல மட்டும் நல்ல ஆளுக, சொன்னா கேப்பாங்க.

பெரியாயியைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். என் மனைவி குணமணி பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா கிடந்தப்ப, கூப்பிடாமலே வந்து நிப்பா. கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துட்டு, கூடையை எங்க வாசல்ல சாத்திட்டு, நேரே உள்ள. கதவைத் தட்டுற பழக்கம்கூடக் கிடையாது. துடைப்பா, கழுவுவா, புரட்டிப் போடுவா, நாத்தத் துணியை அலசிக் கொடியில போட்டுட்டு ஒரு பிளேன்டீகூடக் குடிக்காமப் போயிடுவா. குணமணி கடைசியில என் கையால கஞ்சி குடிக்க மாட்டா, பெரியாயி கையால குடிப்பா. நோய் முத்தினா மனுசருக்கு ஆள் அடையாளம் தெரியாமப் போயிடும்னு டொக்டர்மாரே சொல்றாங்க. பெரியாயிக்கு நான் கைம்மாறு செய்யாம இல்ல. அவளோட ரட்சிப்புக்காகத் தினமும் ஜெபம் பண்ணினேன். வேற ஏதாச்சும் கொடுத்திருந்தா அது கூலி மாதிரி ஆகியிருக்கும், அவளுக்கும் கேவலம்.

அந்தக் குணமணி நினைவாத்தான் மணி வந்துச்சு. லண்டன்ல இருக்கிற என் தம்பி குடும்பம் அனுப்பினது. வெண்கலம், ஓரம் முழுக்கத் திராட்சைக் கொடி, நடுவுல 'குணமணி தயாபரன் நினைவாக'ன்னு எழுத்து. அதை மணி மாடத்துல ஏத்தினப்ப என் கண்ணு கலங்கிப் போச்சு. பேராயர் ஞாயித்துக்கிழமை வந்து பிரதிஷ்டை பண்ணி, அவர் கையால முதல் அடி அடிக்கிறதா ஏற்பாடு. அதுவரைக்கும் சத்தம் வரப்படாது. ஒரு பொருளை ஆண்டவருக்குன்னு பிரிச்சு வச்ச பிறகு, அவருக்குக் கொடுக்க முந்தி வேற எதுக்கும் எடுக்கக் கூடாது. உங்களுக்கு இது விளங்கும் சேர், நீங்க தொழுகிற ஆளு. நேரம் வர முந்தி பாங்கு சொல்லுவாங்களா?

தண்டவாளத் துண்டைக் கழட்டிட்டேன். பேராயர் கார்ல இருந்து இறங்கினதும் துருப்பிடிச்ச இரும்பா கண்ணுல படணும்? பழைய இரும்புக்காரன் பஸீல் லொரியில வந்தப்ப தூக்கிப் போகச் சொல்லிட்டேன். சும்மாதான் கொடுத்தேன்.

ஆமாம், அப்ப சனங்களுக்குச் சத்தம் எதுன்னு கேசினி கேட்டுச்சு. கேசினி எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஞாயிறு பள்ளியும் அதுதான் நடத்துது. நல்ல குடும்பம், ஆனா வாய்க்கு வாய் கேள்வி. "அங்கிள், இண்டைக்கு மழை கூடினால் என்ன செய்யிறது? புது மணியைத்தானே அடிக்க வேணும்?"னு கேட்டுச்சு. ஓம் பிள்ளைன்னு தலையாட்டி வச்சேன். கீழ் லயத்துலயும் போய்ச் சொல்லிட்டுது, இனிமே புது மணிதான்னு. லயத்துல எல்லாருக்கும் ஒரே குஷி, பெரிய மணி, பதுளை வரைக்கும் கேக்குமாம்.

சனிக்கிழமைக்கு வர்றேன். அவசரப்பட்டா எதையாவது விட்டுடுவேன்.

அந்த வாரம் முழுக்க மழை. சனிக்கிழமை விடிஞ்சப்பவே கரண்ட் இல்ல, டவர் விழுந்து போனும் இல்ல. போதகர் ஐயா பேராயரைக் கூட்டி வர வெள்ளிக்கிழமையே பதுளைக்கு இறங்கிட்டாரு. மண்டபத்துல நான், கேசினி, ரெண்டு மூணு பொம்பளைங்க. அந்தூரியம் கட்டினோம், கதிரைக்குத் துணி மாட்டினோம், டைல்ஸை மறுபடியும் துடைச்சோம். கேசினி போத்தலைப் பார்த்துட்டு வந்து சொல்லுச்சு, "சிவப்பைத் தாண்டிட்டுது அங்கிள்." நான் பார்த்துக்கிறேன், நீ பூவைக் கட்டுன்னேன். வெளிய போய்ப் பார்த்தேன். தாண்டித்தான் இருந்துச்சு. நிறைஞ்ச போத்தலைக் கவுத்துட்டு மறுபடி வைக்கிறதுதான் முறை, அப்படித்தான் ஆபீசர்மாரும் சொல்லிக் கொடுத்தாங்க. கவுத்தேன். பிறகு கேசினி பார்த்தப்ப அடியில கொஞ்சம்தான் இருந்துச்சு. பிள்ளைக்கு நிம்மதி, பொம்பளைங்களுக்கும் நிம்மதி. வேலை கெடாமப் போச்சு.

என் மனசுல அப்ப என்ன ஓடுச்சுன்னு கேக்குறீங்க. ஒளிக்க என்ன இருக்கு. அக்டோபர் மாதிரியே ஆகும்னுதான் நினைச்சேன். நான் மணி அடிப்பேன், இதுக சேத்துக் காலோட கோழியையும் நாயையும் இழுத்துக்கிட்டு வரும், அம்மன் பீடத்துல ஏறும், மலை சரியாது, காலையில பேராயர் வருவாரு. அந்த அந்தூரியத்துக்கு நடுவுல பேராயரை எங்க நிறுத்துறது? என் குணமணி பேர் வெட்டின மணி, அதோட முதல் சத்தம் இதுகளைப் பட்டியில அடைக்கிறதுக்கா? நீங்களே சொல்லுங்க. சொல்ல மாட்டீங்க, சரி, அது உங்க உத்தியோகம்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியாயி வந்தா. தலையில உரச் சாக்கு, முழுசா நனைஞ்சு போயிருந்தா. டைல்ஸ்ல காலை வைக்கல, வாசல் படிக்குக் கீழேயே நின்னா. அக்டோபர்ல நான் பேசினது வீண் போகல. "ஐயா, பீலியில விழுற ஊத்துத் தண்ணி செம்மண்ணா வருதுங்க. எங்க காம்பராவுல தரை வாய் பிளந்திருக்குங்க, கை உள்ள போகுது. சனமெல்லாம் போகலாமா வேணாமான்னு கேக்குது. போத்தல்ல எம்புட்டுங்க இருக்கு?"

போத்தல்ல கொஞ்சம்தான் இருக்கு பெரியாயின்னேன். அந்த நேரத்துக்கு அது பொய் இல்ல.

அவ போகாம நின்னா. "பிள்ளைகளை மட்டுமாவது கூட்டிக்கிட்டு வரட்டுங்களா? வெளியவே நிக்கிறோம், உள்ள வர மாட்டோம்."

மணி அடிச்சா வாங்க, அதுவரைக்கும் சும்மா சனத்தைக் கிளப்பாதேன்னேன். அவ மாடத்தை ஒரு பார்வை பார்த்தா. "அடிப்பீங்கல்லங்க ஐயா?"ன்னு கேட்டா.

அடிக்கிறப்ப உனக்குக் கேக்கும்னு சொன்னேன். அந்தச் சொல் அவளுக்குப் போதுமா இருந்துச்சு. அந்த மழையில இறங்கிப் போனா, வழுக்குற இடத்துல தேயிலைச் செடியைப் பிடிச்சுப் பிடிச்சு. குளிருதேன்னு குடிக்க ஏதாச்சும் கொடுத்திருக்கலாம்னு பிறகு நினைச்சேன். அது மட்டும் மனசுல இருக்கு.

இப்ப நீங்க கேட்டதுக்கு வர்றேன். கேசினி ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்து உங்ககிட்டச் சொன்னது, மணியை இழுத்தேன், துணியில அடிச்ச மாதிரி இருந்துச்சு, சத்தம் வரலன்னு. மணி நாக்குல ஏதாச்சும் கட்டியிருந்துச்சான்னு கேக்குறீங்க. இதுவரைக்கும் என்கிட்ட யாருமே இந்தக் கேள்வியைக் கேக்கல. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்.

கட்டியிருந்துச்சு. வெள்ளிக்கிழமையே நான்தான் ஏணி போட்டு ஏறிக் கட்டினேன். குணமணியோட பழைய வாயில் சேலையைக் கிழிச்சு, நாக்கைச் சுத்திச் சுத்தி, சணல் கயித்தால இறுக்கிட்டேன். பிள்ளைகள் விளையாட்டுக்கு இழுத்துடும்னு பயம், அதோட வேற யாராச்சும் இழுத்தாலும்னு ஒரு யோசனை. முன்யோசனைன்னு சொல்லுவாங்களே, அதுதான். வாழ்க்கை முழுக்க அப்படியே பழகிட்டேன்.

ஆமா சேர். பெரியாயிகிட்ட மணி அடிச்சா வான்னு சொன்னப்ப, நாக்கு கட்டித்தான் இருந்துச்சு. தெரியும். கட்டினவனுக்குத் தெரியாம இருக்குமா?

கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா? முகம் ஒரு மாதிரி இருக்கு உங்களுக்கு. சரி, சொல்லிடுறேன்.

அவ போய்க் கொஞ்ச நேரத்துல கேசினி பின் ஜன்னலால மலையைப் பார்த்துட்டு ஓடி வந்துச்சு. "அங்கிள், மேல டர்பன்டைன் மரமெல்லாம் சரிஞ்சு நிக்குது. மணியை அடியுங்கோ. கெதியா அடியுங்கோ." நான் பீடத்து விரிப்புல ஒழுக்கு விழாம பிளாஸ்டிக் தாள் விரிச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் பிள்ளை நான் எந்திரிக்கட்டும்னு நிக்கல. அதுவே கயித்தைப் பிடிச்சு இழுத்துச்சு. நான் தடுக்கல. கையைப் பிடிக்கல, சத்தம் போடல. இழுக்கட்டும்னு விட்டுட்டேன். தொங்கித் தொங்கி இழுத்துச்சு, கயித்தோட சேர்ந்து காலு தரையை விட்டுக் கிளம்புது. மேல டொக் டொக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளங்கை தோல் உரிஞ்சு போச்சு. என்னைத் திரும்பிப் பார்த்துச்சு, "ஏன் அங்கிள் சத்தம் வரேல்லை?"

ஆண்டவருக்குச் சித்தமில்ல போலன்னு சொன்னேன்.

அது என் முகத்தையே பார்த்துச்சு. என்ன பார்த்துச்சோ தெரியல. செருப்புக்கூடப் போடாம மழையில இறங்கி ஓடிப் போச்சு. கத்தின சத்தம் மேல வரைக்கும் கேட்டுச்சு, வெளிய வாங்கோ, வெளிய வாங்கோன்னு. அதோட பேச்சு லயத்து ஆளுகளுக்குப் பாதி விளங்கியும் இருக்காது. ரெண்டு மூணு தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க, அதுகதான் பிழைச்சது. மத்தவங்க வரல. பிழைச்ச பிள்ளை ஒண்ணு சொல்லுச்சு, பெரியாயி வாசல்ல நின்னு டீச்சருக்குப் பதில் சொன்னாளாம், "மணி அடிக்கலைங்களே டீச்சரம்மா. ஐயா அடிப்பாருங்க, நான் இப்பத்தான் கேட்டுட்டு வந்தேன்"னு. எங்க சனம் அப்படித்தான். சொன்ன சொல்லைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்.

அப்புறம் லொரியில கல்லு கொட்டுற மாதிரி ஒரு சத்தம். நான் வெளிய வந்து பார்த்தப்ப லயம் இல்ல. கூரைத் தகரம் ஒண்ணு மட்டும் சேத்துக்கு மேல நீட்டிக்கிட்டு நின்னுச்சு. கேசினியை ஒரு மரத்தடியில இருந்து எடுத்தாங்க, இடுப்புக்குக் கீழ நசுங்கி. மாரிசாமியை ஞாயித்துக்கிழமை எடுத்தாங்க, அம்மன் படத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. பெரியாயி இன்னும் கிடைக்கல.

நான் அழுதேன் சேர். அழலன்னு நினைச்சுடாதீங்க. அன்னைக்கு நான் பண்ணின மாதிரி ஜெபம் என் ஆயுசுல பண்ணினதில்ல.

ஞாயித்துக்கிழமை விடியக் காலையில ஏணி போட்டு ஏறி சேலைத் துண்டை அவிழ்த்தேன். அதை அடுப்புல போட்டுட்டேன். பேராயர் பாதி வழி ஜீப்புல, மீதி வழி நடந்து வந்தாரு. விழா வேணாம், செத்தவங்களுக்காக ஜெபம் மட்டும் பண்ணுவோம்னாரு. மணியை மட்டுமாச்சும் ஆசீர்வதிச்சு அடிங்கன்னு நான் காலைப் பிடிக்காத குறையா கேட்டேன். செத்தவங்களுக்காகன்னு சொல்லி அடிச்சாரு. என்ன சத்தம் சேர். மலையில முட்டித் திரும்பி வந்துச்சு. சேத்தைத் தோண்டிக்கிட்டு இருந்தவங்க எல்லாம் மண்வெட்டியை நிறுத்திட்டு நிமிர்ந்து பார்த்தாங்க.

அதுலதான் சனம் கேசினியை ஏச ஆரம்பிச்சுது. மணி நல்லாத்தானே அடிக்குது, பிறகென்ன சத்தம் வரலன்னு டீச்சர் கதை விடுதுன்னு. பயந்து போய் அடிக்காம விட்டுட்டுப் பொய் சொல்லுதுன்னு. என்கிட்டயும் கேட்டாங்க. மணி நல்ல மணி, கயித்துக்கிட்ட நின்னது கேசினிதான்னு சொன்னேன். ரெண்டும் உண்மை. ஆஸ்பத்திரி வாட்டுக்கே போய் ஏசிட்டு வந்திருக்காங்க, பிள்ளையைப் பறிகொடுத்தவங்க. ஒரு தாய் முகத்துல துப்பினாளாம். கேக்க எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா நான் வாயைத் திறந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? குணமணி பேர் வெட்டின மணியை யாராச்சும் மரியாதையா பார்ப்பாங்களா? சர்ச்சைப் பத்தி ஊரு என்ன பேசும்? ஒரு டீச்சர் பேர் கெட்டா வேற பள்ளிக்கூடம் மாறிப் போயிடலாம். ஆண்டவர் பேர் கெட்டா எங்க மாறிப் போறது?

மிச்சப்பட்ட சனம் பள்ளிக்கூடத்துல இருக்கு. மண்டபத்தைக் கேட்டாங்க, பள்ளிக்கூடம்தான் அவங்களுக்கு வசதின்னு சொல்லிட்டேன். பாய் கொடுத்து விட்டேன், அரிசியும் கொடுத்து விட்டேன். அதையும் எழுதுங்க. அயலானை மறக்கலன்னு இருக்கட்டும்.

நாக்கைக் கட்டினது நான். போத்தலைக் கவுத்தது நான். பெரியாயியைத் திருப்பி அனுப்பினது நான். எங்க கையெழுத்து வைக்கணுமோ சொல்லுங்க, வைக்கிறேன். பயம் எனக்கு இல்ல. என் ஆண்டவர் முன்னால நிக்கிறப்ப, உமக்குன்னு பிரிச்சு வச்சதை உம்ம கையில சேக்கிற வரைக்கும் ஒருத்தரையும் தொட விடலன்னு தைரியமா சொல்லுவேன்.

கேசினிக்கு ஏதாச்சும் சொல்லணுமான்னு கேக்குறீங்க. இனி அது நடக்கிறது சந்தேகம்னு சொன்னீங்க, பாவம், சின்னப் பிள்ளை. எனக்கு அது மேல எந்தக் கோபமும் இல்ல, ஒரு சொல் மட்டும் எழுதிக் கொண்டு போய்க் கொடுங்க சேர். பேராயர் வர முந்தி கயித்துல கை வச்சுட்டேன்னு அது மனசைப் போட்டு வருத்திக்க வேணாம். நான் மன்னிச்சிட்டேன்.